கெம்பியும் என் ரீடச்சிங் கத்தியும்

1. கத்தி கைக்கு வந்த கதை

ஓசூர் போட்டோ ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முதலாளி நஞ்சப்பா என் கையில் ஒரு கத்தியைக் கொடுத்தார். பயப்பட வேண்டாம், நெகட்டிவ் சுரண்டுகிற கத்தி. ஐம்பதுகளில் எங்களுக்கு ஃபிலிம் ரோல் எல்லாம் ஆடம்பரம். கண்ணாடி பிளேட்டில்தான் படம் விழும். அதில் கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் இருக்கும். முகத்தில் அம்மைத் தழும்பு இருந்தால் பென்சிலால் மூட வேண்டும். படத்தில் வேண்டாத வெள்ளை ஏதாவது விழும் என்றால் பிளேட்டில் அந்த இடத்தைக் கத்தியால் சுரண்ட வேண்டும், பிரிண்டில் அந்த இடம் கறுத்துவிடும். பென்சிலை அழித்துக்கொள்ளலாம். சுரண்டியது போனால் போனதுதான்.

இப்படித் திருத்துகிற ரீடச்சிங் வேலை செய்கிறவன் ஆளைப் பார்ப்பதே இல்லை. முன்பக்கம் முதலாளி படம் எடுப்பார். நான் பின்னறையில், ஜன்னலோரச் சாய்வு மேசையில் உட்கார்ந்திருப்பேன். பிளேட்டைத் தலைகீழாக மாட்டித்தான் வேலை. நேராக வைத்தால் முகம் நம்மைப் பார்க்கும், கை தயங்கும் என்பார் முதலாளி. அவர் வீட்டில் கன்னடம், கடையில் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு.

"ஏய் காதரு, இங்க வர்றவங்க தாங்க எப்பிடி இருக்காங்கன்னு பாக்கவாப்பா வர்றாங்க? அதுதான் அவங்களுக்கே தெரியுமே. கிழிசல், அழுக்கு, ஓட்டை ஒடசல் எதுவும் தெரியக் கூடாது. புரிஞ்சுதா?"

நன்றாகவே புரிந்தது. ஒரே வருஷத்தில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. பர்கூரிலிருந்து வந்த ஒருவருடைய கிழிந்த துண்டை முழுத் துண்டாக்கினேன். ஒரு கல்யாண ஜோடியின் நடுவே எட்டிப்பார்த்த ஆட்டுக்குட்டியைக் காணாமல் செய்தேன். முதலாளி பேசாமல் தலையாட்டினாலே எனக்கு அன்றைக்கு பிரியாணி சாப்பிட்ட மாதிரி.

2. அகப்பை

ஒரு நாள் ஒரு பிளேட் வந்தது. கவரில் "பெண் குழந்தை, உட்கார்ந்து, ஒரு பிரிண்ட்" என்று மட்டும் எழுதியிருந்தது. ஆறு வயசுப் பிள்ளை, நாற்காலியில். கறுப்புப் பாவாடை. மடியில் என்னவோ சாய்ந்திருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கொட்டாங்கச்சி அகப்பை! காம்பு பாதியில் முறிந்திருந்தது. அதில் ஏதோ வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. அட ஆண்டவா, ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் பிள்ளை கையில் அகப்பையைக் கொடுத்தா உட்கார வைப்பார்கள்? முதலாளி கண்ணுக்கு எப்படித் தப்பியது என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

கொட்டாங்கச்சியில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். பிளேட் கழுவும்போது தூசி ஒட்டினால் இப்படிப் புள்ளி விழும். புள்ளி எடுப்பதுதான் எங்கள் வேலையில் பால பாடம். முதலில் அந்த இரண்டையும் சுரண்டினேன். பிறகு துணியை. மத்தியானத்துக்குள் அகப்பை பாவாடைக்குள் கரைந்து போயிற்று. இவ்வளவு சுத்தமாக நான் அதுவரை எதையும் எடுத்ததில்லை. விரலால் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

3. டெலிவரி நாள்

பத்து நாள் கழித்து, முதலாளி அத்திப்பள்ளிக்குப் போயிருந்த காலை, உத்தனப்பள்ளி விவசாயி மாதப்பன் மகள் ருக்குவோடு படம் வாங்க வந்தார். முன்பக்கம் நான்தான் நின்றேன்.

"பாய், மொதல்ல பாப்பா கையில குடுங்க. பத்து நாளா உசுர வாங்குது."

கொடுத்தேன். அவள் படத்தைப் பார்த்தாள். திருப்பி அட்டையின் பின்பக்கம் பார்த்தாள். மறுபடியும் முன்பக்கம் பார்த்தாள்.

"அப்பா, கெம்பி எங்க?"

மாதப்பன் படத்தை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"பாய், பாப்பா மடியில ஒரு பொம்மை இருந்துச்சே?"

"பொம்மையா? அகப்பைதானே இருந்துச்சு!" என்றேன்.

"அகப்பைதாங்க பாய். அதுக்குத் துணி கட்டி, சுண்ணாம்புல கண்ணு வெச்சு, கெம்பின்னு பேரு வெச்சு, ரெண்டு வருசமா இடுப்ப விட்டு எறக்கல. அவளையும் சேத்து எடுத்தாத்தான் உக்காருவேன்னு அடம். ஸ்டுடியோக்காரர்கூட சிரிச்சுக்கிட்டே, மூஞ்சி தெரியிற மாதிரி திருப்பி வெச்சாரு."

"கொஞ்சம் இருங்க, காசே வேணாம். மொதலாளி வந்ததும் இன்னொரு பிளேட் எடுக்கச் சொல்றேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "எதை வெச்சு எடுப்பீங்க? வீட்டுக்காரி பிரசவத்துக்குப் போயிருக்கா. சமைக்க எங்கக்கா வந்திருந்தாங்க. ஒடஞ்ச அகப்பைதானேன்னு அடுப்புல வெச்சுட்டாங்க. இது சோறு தின்னல பாய், நாலு நாளு. கெம்பி போட்டோவுக்குள்ள பத்திரமா இருக்கா, போய்க் கூட்டிட்டு வரலாம்னு நான்தான் சொல்லி வெச்சேன்."

அந்த அக்கா செய்ததைத்தான் நானும் செய்திருந்தேன். அவர் அடுப்பில் வைத்தார், நான் கத்தியை வைத்தேன். அவராவது சமையல் அவசரத்தில் செய்தார்.

பிரஷ்ஷை எடுத்தேன். "வா கண்ணு, கெம்பிய வரைஞ்சு தர்றேன். எப்பிடி இருப்பா, சொல்லு."

பக்கத்தில் வந்து நின்று சொன்னாள். ஒரு கண் பெரிசு, ஒரு கண் சின்னது. துணிக்குக் கரை இல்லை. இன்னொரு பிரிண்ட் போட்டு அதில் வரைந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக வரைந்ததில்லை. அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"நல்லாருக்கு மாமா. ஆனா இது வேற யாரோ."

வரையாத படத்தையே எடுத்துக்கொண்டாள். அதில் அவளுடைய இடது கை எதையோ அணைத்தபடி வளைந்திருந்தது. விரலை நான் சுரண்டவில்லை. விரல்கள் எல்லாம் மடங்கி, ஒன்றுமில்லாததை இறுக்கிப் பிடித்திருந்தன. அவள் அந்த இடத்தில் விரலை வைத்து, "இங்கதான் இருந்தா" என்று அப்பாவுக்குக் காட்டினாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"மாமா, நீங்கதான அவள கடைசியாப் பாத்தீங்க? எப்பிடி இருந்தா?"

பிள்ளைக்கு ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"சிரிச்சுக்கிட்டு இருந்தா கண்ணு."

ருக்கு என்னையே பார்த்தாள்.

"அவளுக்கு இன்னும் வாயே வெக்கலையே மாமா."

அப்பா கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

4. கற்றுக்கொண்டது

அன்றைக்குச் சாயங்காலம் முதலாளியிடம் சொன்னேன். அவர் எந்த மொழியிலும் திட்டவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு பிளேட்டுக்கும் நானே முன்பக்கம் போய், "இதுல என்னென்ன கட்டாயம் இருக்கணும், சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுத்தான் கத்தியை எடுத்தேன். மற்ற ஸ்டுடியோக்காரர்கள் கேலி செய்தார்கள். செய்யட்டும். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: உங்களுக்குப் புள்ளியாகத் தெரிவது என்ன என்று படத்தில் இருப்பவரிடம் கேளுங்கள்.

கத்தியை வைத்துவிட்டு எத்தனையோ வருஷமாயிற்று. இன்னும் எனக்கு ஓர் ஏக்கம் உண்டு. அந்த பிளேட் ஒரே ஒரு தடவை, சுரண்டுவதற்கு முன்னால், என் கைக்குத் திரும்பி வர வேண்டும். அதை நேராகத் திருப்பி வைத்து அந்தக் குட்டி முகத்தைப் பார்க்க வேண்டும். கெம்பியைக் கடைசியாகப் பார்த்த ஆள் நான்தான். எப்படி இருந்தாள் என்று எனக்கே தெரியாது.