ஜாகா சோமு உதைக்கப் பழகிய கதை

என் தங்கச்சி நல்லம்மாளைக் கட்டியவன் சோமு. இருபத்தொரு வருசம் செம்பனைக் குலை வெட்டினான். நீளக் கழியின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்து, மட்டைக்கு ஒரு இழுப்பு, குலைக்கு ஒரு இழுப்பு. குலை விழும்போது காலைப் பின்னால் எடுத்து வைக்க வேண்டும். வைக்காதவன் தோளில் இருபது கிலோ முள்ளோடு இறங்கும். நாளுக்கு நூறு குலை என்றால் நூறு தரம் அண்ணாந்து, நூறு தரம் பின்வாங்க வேண்டும். எண்பத்தி நாலாம் வருசக் கடைசியில் கழுத்து இறுகிவிட்டது. வலது கை தோளுக்கு மேல் ஏறவில்லை.

அப்போதிருந்த துரை இரக்கப்பட்டு அவனைத் தோட்டத்து கேட்டில் ஜாகாவாகப் போட்டார். உள்ளே வருகிற, வெளியே போகிற வண்டியைப் பார்க்க வேண்டும், பையைத் திறக்கச் சொல்ல வேண்டும், கம்பத்தைத் தூக்கி இறக்க வேண்டும். காவல் வேலைதான், ஆனால் உட்கார்ந்து செய்கிற வேலை. சோமு உட்கார்ந்து சம்பளம் வாங்கியது அதுதான் முதல் தடவை. லயத்து வீடும் கையை விட்டுப் போகவில்லை. தோட்டத்தில் வேலை இல்லாதவனுக்குத் தோட்டத்தில் வீடு கிடையாது.

மறு வருசம் பிப்ரவரியில் துரை மாறினார். அதே மாசம் பக்கத்துத் தோட்டத்தில் குலை திருட வந்தவர்கள், பட்டப்பகலில் ஜாகாவை அவன் கொட்டகைக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு லாரியை நிரப்பிக்கொண்டு போனார்கள். புது துரை சோமுவைக் கூப்பிட்டார்.

"கராத்தேயோ என்னவோ ஒன்னு படிச்சு சிஜில் கொண்டா. முத்திரை குத்துன சர்ட்டிபிகேட். ஆறு மாசம் தர்றேன். இல்லாட்டி டவுன்லேர்ந்து செக்யூரிட்டி கம்பெனி ஆளு வருவான்."

கம்பெனி ஆள் வந்தால் சோமுவுக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால் என் தங்கச்சிக்கு வீடு இல்லை. அவ்வளவுதான் விசயம். வயசு நாற்பத்தி மூன்றில் அவன் சண்டை படிக்க வேண்டும்.

படிக்க இடமா இல்லை? தோட்டத்திலேயே இரண்டு பேர் சொல்லிக் கொடுத்தார்கள். அங்கேதான் சிக்கல். மேல் லயத்தில் இராமையா சிலம்பம். அவர் கோயில் செயலாளர். கீழ் லயத்தில் பாலன் கராத்தே. அவன் தொழிற்சங்க ஆள். திருவிழாவில் தேர் முதலில் எந்த லயத்துப் பக்கம் திரும்புவது என்று இரண்டு லயத்துக்கும் நாலு வருசமாகப் பேச்சு கிடையாது. கம்பு பிடித்தவன் மேல் லயத்து ஆள், குத்துப் பழகியவன் கீழ் லயத்து ஆள் என்று ஆகிவிட்டது.

சோமு கேட்டில் நிற்கிறவன். இராமையாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டு மறுநாள் கீழ் லயத்துக்காரன் பையைத் திறக்கச் சொன்னால், "வாத்தியார் சொல்லிவிட்டாரா?" என்பான். பாலனிடம் சேர்ந்தால் மேல் லயத்துக்காரன் அதையே கேட்பான். அப்புறம் அடிதடி திருடனோடு இல்லை.

இராமையா அவரே கேட்டுக்கு வந்து கூப்பிட்டார்.

"சோமு, நம்ம கலை இருக்கறப்போ வெளிய போவியா?"

"கை தலைக்கு மேல ஏற மாட்டேங்குது வாத்தியாரே. கம்பு எப்படிச் சுத்துறது?"

"இடுப்புக்குக் கீழயே சுத்தலாம்."

"முட்டியும் சரியில்ல."

பாலன் வந்தபோதும் கையைத்தான் காட்டினான். பாலன் விவரமானவன். "அந்தக் கைதான் தினம் கம்பத்தைத் தூக்குதுலா," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் என் ஹோண்டா கப்பில் சோமுவைப் பின்னால் வைத்துக்கொண்டு அலைந்தோம். நான் தோட்டத்து லாரி ஓட்டுகிறவன். எனக்கும் வாரத்தில் ஒரு நாள்தான் முதுகு சும்மா இருக்கும். அந்த நாளும் போனது.

ஜெராம் பக்கத்து மலாய்க் கிராமம் ஒன்றில் ஒரு பெரியவர் அவர்களுடைய சண்டைக் கலையான சீலாட் சொல்லிக் கொடுத்தார். நல்ல மனுசன். காப்பி கொடுத்தார், சோமுவின் தோளை அமுக்கிப் பார்த்து எண்ணெய் கூடத் தேய்த்துவிட்டார். வாப்பா, தாராளமாக வா, ஆனால் நான் சிஜில் தருவதில்லை, பேப்பரைக் கொடுத்தால் படிப்பு முடிந்தது என்று நினைத்துவிடுவீர்கள் என்றார். செகிஞ்சானில் ஒரு சீனர் குங்பூ சொல்லிக் கொடுத்தார். தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு வர வேண்டுமாம். ஐந்து மணிக்குச் சோமு, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்காக கேட் திறக்க வேண்டும். இப்படியே மூன்று மாசம் கரைந்தது.

"மச்சான், பேசாம கம்பெனிக்காரன் வரட்டும்," என்றான் ஒரு நாள், வண்டியை நிறுத்தித் தண்ணீர் குடிக்கும்போது. "எனக்கு அசதியா இருக்கு."

"வந்தா நல்லம்மாள எங்க குடி வைப்ப மாப்ள?"

வாயைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தான்.

கோலசிலாங்கூரில் மாதா கோயில் மண்டபத்தில் தேக்வாண்டோ நடக்கிறது என்று டயர் கடையில் சொன்னார்கள். போனோம். சொல்லிக் கொடுப்பது ஒரு பெண். பெயர் மவுரீன், வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிறாளாம். இருபத்தி நாலு வயசிருக்கும். இடுப்பில் கறுப்பு பெல்ட்.

"யாரைச் சேர்க்கணும் அங்கிள்? மகனையா?"

"என்னையத்தாம்மா."

அவள் சிரிக்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே எனக்கு அவள் மேல் மரியாதை. "காலை எவ்வளவு தூக்க முடியும், காட்டுங்க," என்றாள். சோமு சுவரைப் பிடித்துக்கொண்டு தூக்கினான். முழங்கால் உயரம் வந்தது.

"இடுப்பு வரைக்கும் வந்தா மஞ்சள் பெல்ட். மூனு மாசத்துல டெஸ்ட்."

"சிஜில் உண்டுங்களா?"

"உண்டு. முத்திரையோட."

சோமு என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன்.

"ஆனா ஒன்னு," என்றாள். "உள்ள வந்தா என்னை மிஸ்னு கூப்பிடணும், குனிஞ்சு வணக்கம் வைக்கணும். வெளிய போனா நீங்க எனக்கு அங்கிள்தான்."

"துரைக்குக் குனிஞ்ச முதுகுதாம்மா. இது பெரிசில்ல."

வெள்ளை உடுப்பைத் தோட்டத்திலிருந்தே போட்டுக்கொண்டு வர முடியாது. செம்மண் ரோடு, வந்து சேருவதற்குள் உடுப்பு செங்கல் நிறமாகிவிடும். பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்து வந்து மண்டபத்துக் கக்கூஸில் மாற்றிக்கொள்வான். நான் வெளியே சிமெண்டுப் படியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். எல்லாம் அவன் நெஞ்சு உயரப் பிள்ளைகள். அவர்களுக்கு நடுவில் இவன் மட்டும் முகத்தை மேலே தூக்கிக்கொண்டு நிற்பான்.

"அங்கிள், எதிர்ல பாருங்க. மேல என்ன இருக்கு?"

"குலை, மிஸ்."

கழுத்து போய்விட்டது, பழக்கம் போகவில்லை. காலும் அப்படித்தான். எதிரில் நிற்கிறவன் உதைக்கக் காலை எடுத்தால் சோமு ஒரு எட்டுப் பின்னால் போய்விடுவான். ஒருத்தன் உதையும் அவன் மேல் பட்டதில்லை. இவனும் யாரையும் உதைத்ததில்லை.

"முன்னால வாங்க அங்கிள்."

"முன்னால போனா தலையில விழும் மிஸ்."

தோட்டத்தில் விசயம் ஒரே வாரத்தில் பரவியது. "பொம்பளப் புள்ளகிட்ட உதை வாங்கப் போறியாமே," என்றார் இராமையா. பாலன், "அது சண்டை இல்லண்ணே, டான்ஸுலா," என்றான். நாலு வருசத்துக்கப்புறம் இரண்டு லயமும் ஒன்றாகச் செய்த காரியம் சோமுவைப் பார்த்துச் சிரித்ததுதான். கேட்டில் பையைத் திறக்கச் சொன்னால், "திறந்துட்டோம் மாஸ்டர், உதைச்சிடாதீங்க," என்று திறந்து காட்டிவிட்டுப் போனார்கள். எந்த லயத்துக்காரனும் முறைக்கவில்லை. சோமு கம்பத்தை இறக்கிவிட்டு உட்கார்ந்துகொள்வான்.

வீட்டில்தான் பாடு. முட்டி வீங்கி, திங்கள்கிழமை காலையில் எழுந்து நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பான். நல்லம்மாள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே பேசுவாள். "நான் குடுக்காத உதையையா அந்தப் பொண்ணு குடுக்குது? சொல்லியிருந்தா வீட்லயே குடுத்திருப்பேனே அண்ணே." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளுக்கும் தேதி தெரியும். ஆகஸ்டு பதினெட்டு டெஸ்டு, மாசக் கடைசியில் துரையின் கெடு.

டெஸ்டுக்குக் கிள்ளானிலிருந்து ஒரு பெரிய மாஸ்டர் வந்தார். நாலு பக்கமும் திரும்பிக் குத்துகிற பாடத்தைச் சோமு தப்பில்லாமல் செய்தான். குத்து தோளுக்குக் கீழேதான் போனது, ஆனால் போனது. அடுத்தது உதை. முதல் உதை முழங்காலோடு நின்றது. இரண்டாவதும் அப்படியே. மவுரீன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாவதில் என்ன செய்தானோ, கால் பெல்ட் முடிச்சு உயரம் வந்து இறங்கியது. இறங்கின கையோடு சோமுவும் உட்கார்ந்துவிட்டான்.

"என்ன வயசு?" என்றார் மாஸ்டர்.

"நாப்பத்தி மூனுங்க."

"என்ன வேலை?"

"ஜாகாங்க. முன்ன குலை வெட்டு."

அவர் பேப்பரில் ஏதோ எழுதினார். "எந்திரிங்க. மஞ்சள்."

சிஜிலை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வண்டியில் வந்தான். மறுநாள் ஆபீஸில் கொடுத்தான். நான் லாரிச் சாவி வாங்க அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். துரை அதை வெளிச்சத்தில் பிடித்து முத்திரையைப் பார்த்தார். சந்தோசமாகச் சிரித்தார். கணக்கு எழுதுகிற கிராணியிடம் கொடுத்து பைலில் போடச் சொன்னார்.

"குட். வேலை உனக்குத்தான்."

சோமு கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தான். திரும்பப் போகும்போது துரை கூப்பிட்டார்.

"இதுக்கடுத்து என்ன கலர்?"

"பச்சைங்கய்யா."

"எப்போ டெஸ்ட்?"

"மூனு மாசம் கழிச்சு இருக்குதாம்."

"அப்போ அதையும் கொண்டா. ஒவ்வொன்னா கொண்டா. நான் ஹெட் ஆபீஸுக்கு எழுதிப்போடுறேன், நம்ம ஜாகா பிளாக் பெல்ட்டுக்குப் போறான்னு."

முடியாது என்று சொல்ல சோமுவுக்கு வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை. சொன்னால் கம்பெனி ஆள் வருவான்.

இது நடந்து ஒன்றரை வருசமாகிறது. இப்போது எண்பத்தேழு. நடுவில் இரண்டு தடவை தேறாமல் போனான். மறுபடி போய்ப் பச்சை வாங்கினான், நீலம் வாங்கினான். மவுரீனுக்குக் கல்யாணமாகிவிட்டது, ஆனாலும் அவள்தான் சொல்லிக் கொடுக்கிறாள். கேட்டுக்கு இதுவரை ஒரு திருடனும் வரவில்லை. சோமு யாரையும் உதைக்கவில்லை. தேர் பிரச்சினை அப்படியே இருக்கிறது. என் தங்கச்சி அதே வீட்டில் இருக்கிறாள்.

போன ஞாயிறும் போய்விட்டுத் திரும்பினோம். நல்ல வெயில். பிளாஸ்டிக் பை அவனுக்கும் எனக்கும் நடுவில். கறுப்புக்கு இன்னும் எத்தனை கலர் மாப்ள என்று கேட்டேன். அவன் தலை என் முதுகில் சாய்ந்து கிடந்தது. தூங்கிவிட்டான். விழுந்துவிடப் போகிறான் என்று ஒரு கையைப் பின்னால் விட்டு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, செம்மண் ரோடு முழுக்க மெதுவாகவே ஓட்டினேன்.