நிறையாத பஸ்

கல்லூரியிலிருந்து மகள் ஒரு துண்டுப் பிரசுரம் கொண்டுவந்தாள். வழவழப்பான தாள், கண்ணில் ஒட்டும் பச்சை. படிப்பதற்கு முன் அதை மூக்கருகே கொண்டுபோனேன். இது என் கெட்ட பழக்கம். புத்தகமானாலும் கல்யாணப் பத்திரிகையானாலும் முதலில் மோந்துதான் பார்ப்பேன். மை இன்னும் முழுக்கக் காயாத வாசனை. அந்த வாசனை எந்த ஊர் என்று எனக்குத் தெரியும். திருப்பிப் பார்த்தால், அடியில் எறும்பு ஊர்ந்தது போல ஒரு வரி: அச்சிட்ட இடம் சிவகாசி.

"மோந்து பாக்கவா குடுத்தேன்? வாசிம்மா" என்றாள்.

வாசித்தேன். பூமியைக் காப்பாற்ற நாம் செய்ய வேண்டியவை. பக்கத்து இடங்களுக்கு நடந்து செல்லுங்கள். கடைக்குப் போகும்போது பையும் பாத்திரமும் கொண்டு செல்லுங்கள். மண், ஓலை போன்ற இயற்கைப் பொருட்களால் ஆன வீடுகளை விரும்புங்கள். காலி இருக்கைகளோடு வண்டிகளை ஓட்டாதீர்கள், நிரப்பிச் செல்லுங்கள். கடைசியில், இவற்றைக் கடைப்பிடிப்பேன் என்று கையெழுத்துப் போட ஒரு கோடு.

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. மகளின் முகம் சுருங்கியது. பாவம், அவள் மேல் தப்பில்லை. எழுதியவர்கள் மேலும் தப்பில்லை. சொல்லியிருப்பது அத்தனையும் சரிதான். "இதெல்லாம் நாங்க எப்பவோ செஞ்சு முடிச்சிட்டோம்டி" என்றேன். அவள் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உங்களிடமாவது சொல்லிப் பார்க்கிறேன்.

எங்கள் ஊர் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில், இரண்டுக்கும் பக்கமில்லாமல் கிடந்தது. அறுபதுகளின் தொடக்கம் அது. ஊருக்குள் வர ஒரு வண்டித்தடம் உண்டு. ஆனால் பொம்பளைகள் போன பாதை வேறு. ஓடையில் இறங்கி, பருத்திக்காட்டு வரப்பில் ஏறி, பனைகளுக்கிடையே வளைந்து வளைந்து போகும் ஒற்றையடிப் பாதை. அதன் மறுமுனையில் தீப்பெட்டி ஆபீஸ். ஆபீஸ் என்றதும் மேசை நாற்காலி என்று நினைத்துவிடாதீர்கள். தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் ஆபீசுக்குப் போய்விட்டேன் என்று இப்போது யாரிடமாவது சொன்னால், கொஞ்சம் மரியாதையாகத்தான் பார்க்கிறார்கள். நானும் விளக்கம் சொல்வதில்லை.

விடிவதற்கு முன்னால் கிளம்புவோம். ஈயத் தூக்குவாளியில் கம்மங்கஞ்சி, மூடியில் ஒரு வெங்காயம். பனி நனைத்த கரிசல் மண்ணுக்கு ஒரு வாசனை உண்டு. பசித்த வயிற்றில் அதை இழுத்தால் ஏதோ சமைக்கிறார்கள் என்று தோன்றும். மழை பெய்தால் அதே மண் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. ஒவ்வொரு காலிலும் ஒரு கால் பாரத்துக்கு மண் ஒட்டிக்கொள்ளும். ஆபீஸ் வாசலில் குச்சியால் வழித்துப் போட்டுவிட்டு உள்ளே போவோம்.

அம்மாவுக்கு இடது உள்ளங்காலில் ஆணி. எருக்கம்பால் வைத்தாள், சுட்ட செங்கலில் வேப்பெண்ணெய் விட்டு மிதித்தாள், இருக்கன்குடி ஆத்தாளுக்கு வெள்ளியில் பாதம் வாங்கிப் போடுவதாக நேர்ந்துகொண்டாள். ஆணி அசையவில்லை. முன்காலை ஊன்றி, குதிகாலைத் தூக்கி, ஒரு தினுசாக நடப்பாள்.

"மைனி நடக்கிறதப் பாத்தா ஜமீன் குதிர நாட்டியம் ஆடுற மாதிரில்ல இருக்கு" என்பாள் பேச்சி அத்தை. அய்யாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, தங்கை முறை. எங்களுக்குப் பக்கத்து வீடு.

"ஒனக்கென்னடி, எருமக் காலு. முள்ளு குத்துனா முள்ளுக்குத்தான் வலிக்கும்" என்பாள் அம்மா.

பாதை முழுக்க இப்படித்தான். சிரித்துக்கொண்டே போய், விரல் மரத்துப்போகும் வரை சட்டத்தில் குச்சி அடுக்கிவிட்டு, சிரிக்கத் தெம்பில்லாமல் திரும்புவோம். திரும்பும்போதுதான் கடை. எண்ணெய்க்குக் கழுத்தில் கயிறு கட்டிய பாட்டில், அரிசிக்கு ஓலைக் கொட்டான். மிளகாயும் சீரகமும் காகிதப் பொட்டலத்தில் வரும். பிரசுரக்காரர்கள் பார்த்திருந்தால் எங்களைப் படம் எடுத்துப் போட்டிருப்பார்கள். பை கொண்டுபோகாவிட்டால் பண்டம் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. விருப்பம் என்ற சொல்லையே நாங்கள் கலியாண வீட்டில்தான் கேட்டிருக்கிறோம், அதுவும் மாப்பிள்ளை வீட்டாரின் வாயிலிருந்து.

பொட்டலங்களுக்காக வீட்டில் ஒருத்தி காத்திருப்பாள். என் தங்கை மாரிக்கனி. அப்போது அவள் மூன்றாம் வகுப்பு. அம்மா பொட்டலத்தைப் பிரித்துச் சீரகத்தைக் கொட்டிக்கொண்டதும் காகிதத்தை வாங்கித் தொடையில் வைத்து நீவி, அடுப்பு வெளிச்சத்தில் சத்தமாக வாசிப்பாள். யாரோ ஒரு மந்திரி எங்கேயோ பேசிய பேச்சில் பாதி, காலண்டர்த் தாளில் ராகுகாலம், முடிவு கிழிந்துபோன ஒரு கதை. வாசித்து முடித்ததும் காகிதம் அடுப்புக்குப் போகும். கிழிந்த கதைகளுக்கு முடிவு சொல்வது என் வேலை. இன்று நான் எழுதுவதெல்லாம் பாதியில் தொடங்கிப் பாதியில் நிற்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. பொட்டலத்தில் படித்தவளுக்கு வேறெப்படி வரும்.

இரண்டு பெண்களில் ஒருத்தி நடக்கட்டும், ஒருத்தி படிக்கட்டும். அம்மா போட்ட கணக்கு அது. அய்யாவுக்கு, நிலம் வைத்திருந்த சம்சாரிகளின் காட்டில் மழை பெய்தால் வேலை, பெய்யாவிட்டால் வேப்பமரத்தடி. ஆகவே கணக்குப் போடுவது அம்மாவின் பொறுப்பு. மூத்தவள் நான் நடந்தேன். அதில் எனக்கு வருத்தம் இருந்ததா என்று இப்போது கேட்டால், இருந்திருக்க வேண்டும். ஆனால் சாயங்காலம் அவள் வாசிக்கும்போது, என் விரல்களில் தீக்குச்சி மருந்தின் வாடையோடு கேட்டுக்கொண்டிருந்தது மட்டும்தான் ஞாபகத்தில் இருக்கிறது.

பஸ் வேண்டும் என்று முதலில் கேட்டதும் அம்மாதான். ஆபீசுக்கு ஆள் சேர்த்து அனுப்பும் ஏஜெண்டு ஒருத்தர் இருந்தார். வெள்ளை வேட்டி, சாந்தமான முகம், சட்டைப்பையில் எப்போதும் ஆரஞ்சு மிட்டாய். அவரை வழிமறித்து அம்மா காலைத் தூக்கிக் காட்டினாள்.

"இங்கன பாருங்க. இந்தக் கால வச்சிக்கிட்டு எம்புட்டு நாளைக்கு நடக்க? ஒரு வண்டி விட்டா என்ன, கொறஞ்சா போயிருவீக?"

"கேட்டுச் சொல்றேன் தாயி" என்றார்.

கேட்டும் சொன்னார். சித்திரை கழிந்து ஒரு காலையில் வண்டித்தடத்தில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு, மூக்கு நீண்ட பழைய பஸ் ஒன்று வந்து நின்றது. அதன் மூக்கில் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள் பேச்சி அத்தை. அம்மா உள்ளே ஏறி உட்கார்ந்து, இரண்டு கால்களையும் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டாள். அப்படி ஒரு நிம்மதியை அவள் முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஒரு மாதம் ஆகியிருக்கும். ஏஜெண்டு ஊர் வேப்பமரத்தடியில் எல்லோரையும் கூட்டினார்.

"பஸ் நெறைய மாட்டேங்குதும்மா. பாதி சீட்டு காலியாப் போயிட்டு வருது. டீசல் கட்டலைன்னு கம்பெனியில சொல்றாக."

"இருக்கிறதே நாங்க இம்புட்டுப் பேருதான. ஆளுக்கு எங்க போக?" என்றாள் பேச்சி அத்தை.

"ஏன், பிள்ளைக இருக்கில்ல" என்றார் அவர், மிட்டாயை எடுத்துக்கொண்டே. "முன்னயாச்சும் அம்புட்டுத் தூரம் நடக்காதுக. இப்பத்தான் வாசல்ல வந்து ஏத்திக்கிட்டுப் போறமே."

எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைகளுக்கு அதுவரை காவலாக இருந்தது அந்தத் தூரம்தான் என்பது எங்களுக்குத் தெரிந்ததே அன்றைக்குத்தான். அம்மா தன் காலைப் பார்த்துக்கொண்டாள்.

பேச்சி அத்தையின் மகள் முதலில் ஏறினாள். பிறகு வீட்டுக்கு ஒன்றாகப் பிள்ளைகள் ஏறின. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வாசலில் வந்து நின்று தெருவைப் பார்க்கத் தொடங்கினார். பஸ்ஸின் பின்வரிசையில் ஓர் இடம் மட்டும் பாக்கி. ஊரின் கண் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பியது.

"அவ படிக்கா. அவளக் கேக்காதீக" என்றாள் அம்மா ஏஜெண்டிடம். "வேணும்னா நா எறங்கிக்கிடுறேன்."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை. கணக்குத் தெரியாத பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பார்களே, அது. "நீ எறங்குனா இன்னொரு சீட்டுல்ல தாயி காலியாகும்."

மறுநாள் அம்மா பஸ் ஏறவில்லை. வீம்பு. பழைய பாதையில் தனியாக நடந்தாள். பாதையும் தடமும் ஓடைப் பாலத்தருகே சந்திக்கும். அங்கே பஸ் அவளைக் கடந்துபோகும். நான் சன்னல் வழியாகப் பார்ப்பேன். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, புழுதிக்கு முகத்தைத் திருப்பி நிற்பாள். புழுதி அடங்கியதும் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நடப்பாள். சிரிக்க அவளோடு யாரும் இல்லை.

நாலைந்து நாள் அப்படிப் போனது. அதற்கடுத்த நாள் பஸ் வரவில்லை.

எல்லோரும் தடத்தில் நின்று நின்று பார்த்துவிட்டு நடக்கத் தொடங்கினோம். இத்தனைக்கும் அது சித்திரைவரை நடந்த பாதைதான். கால்கள் மறந்திருந்தன. சின்னப் பிள்ளைகள் வரப்பில் உட்கார்ந்து அழுதன. போய்ச் சேர்ந்தபோது ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டார்கள். வாட்ச்மேன், "சீசன் நேரத்துல இப்பிடி வந்தா?" என்று மட்டும் கேட்டார். அன்றைய கூலி போனது. வந்த வழியே திரும்பினோம்.

சாயங்காலம் பொம்பளைகள் எங்கள் வீட்டு முன்னால் வந்து நின்றார்கள். யாரும் சண்டை போடவில்லை. பேச்சி அத்தைதான் பேசினாள். அன்று அவள் பேச்சில் வேடிக்கை இல்லை.

"பஸ் வேணும்னு கேட்டது நீதான மைனி. நெறையலன்னுதான இப்ப நின்னு போச்சு. எம் மக போறா. ஒம் மக மட்டும் என்ன, கலெக்டராவா ஆகப்போறா?"

"ஆனா ஆகட்டுமே" என்றாள் அம்மா. ஆனால் குரல் இறங்கிவிட்டது. அத்தை தன் மகளின் காலைத் தூக்கிக் காட்டினாள். முன்பு அம்மா ஏஜெண்டிடம் காட்டிய அதே மாதிரி. கொப்புளம் உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது.

மறுநாள் விடிவதற்கு முன் அம்மா மாரிக்கனிக்குத் தலை சீவி, இரட்டைச் சடை போட்டு, ரிப்பன் கட்டினாள். நாங்கள்தான் செத்துக்கொண்டிருந்தோம், அவளுக்கு ஒரே குதூகலம். அதுவரை அவள் பஸ்ஸில் ஏறியதே இல்லை.

"சன்னலோரம் எனக்குத்தான், அக்கா. சொல்லிட்டேன்" என்றாள். பிறகு அம்மாவிடம், "சிலேட்டும் எடுத்துக்கிடவாம்மா?"

அம்மா சிலேட்டை வாங்கி, தலைக்கு மேல் கூரை ஓலைக்குள் செருகினாள்.

அம்மாவும் ஏறினாள். பஸ் நிறைந்தது. அதன்பிறகு ஒரு நாளும் அது வராமல் இருந்ததில்லை. மாலையில் மாரிக்கனி என் மடியில் தூங்கிக்கொண்டே ஊர் வந்து சேர்வாள். தூக்கி இறக்க வேண்டும். அடுப்புப் பக்கத்தில் பொட்டலக் காகிதம் நீவப்படாமல் கிடக்கும். ஒன்றிரண்டு நாள் நான் வாசித்துப் பார்த்தேன். கேட்க ஆள் இல்லாமல் வாசிப்பது ஒரு மாதிரி இருந்தது. பிறகு அம்மா காகிதத்தை நேராக அடுப்பில் போடத் தொடங்கினாள்.

மூன்று பேர் கூலியில் ஓலைக் கூரை போய்ச் சிமெண்ட் சீட்டு வந்தது. ஊரில் எல்லோரும் வந்து அண்ணாந்து பார்த்தார்கள். அந்தச் சித்திரையில் வீட்டுக்குள் இருக்க முடியாமல், பகலெல்லாம் வேப்பமரத்தடியில் கிடந்தார் அய்யா. ஓலையைப் பிரித்தபோது சிலேட்டு கீழே விழுந்தது. உடையவில்லை. அம்மா அதைத் துடைத்துத் தண்ணீர்ப் பானைக்கு மூடியாக வைத்தாள். எங்கள் வீட்டில் எதையும் வீணாக்குவதில்லை. பிரசுரக்காரர்கள் இதையும் ஒரு யோசனையாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

மாரிக்கனி இப்போதும் சிவகாசிப் பக்கம்தான் இருக்கிறாள். மதுரைக்கு என் வீட்டுக்கு வந்தால் பேப்பரை எடுத்து என் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வாள். எழுத்துக் கூட்டினால் அவளுக்கு வரும், ஆனால் நேரமாகும். பஸ்ஸில் சன்னலோர இடம் கொடுத்தால் வேண்டாம் என்பாள். காற்று அடிக்குமாம்.

போன வருஷம் ஊருக்குப் போனபோது அந்தப் பாதையைத் தேடினேன். ஓடை வரை தெரிந்தது. அதற்கப்புறம் சீமைக்கருவேலம் மூடிவிட்டது. அங்கே ஒரு பாதை இருந்தது என்று சொன்னால் இளவட்டங்கள் நம்பவில்லை. ஏன் நடந்தீக, வேன் இல்லையா என்று கேட்டார்கள்.

பாதை மட்டுமில்லை. பஸ் வந்து ஒரு வருஷத்துக்குள் அம்மாவின் கால் ஆணியும் போய்விட்டது. எந்த வைத்தியமும் செய்யவில்லை, நடை நின்றதும் தானாக உதிர்ந்தது. நேர்ந்துகொண்டபடி வெள்ளிப் பாதம் வாங்கி ஆத்தாள் கோயில் உண்டியலில் போட்டோம். அதன்பிறகு சாகும்வரை, சாயங்காலங்களில் காலை மடித்து உட்கார்ந்து, இடது உள்ளங்காலில் ஆணி இருந்த இடத்தை அம்மா கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருப்பாள். "வலிக்குதாம்மா?" என்று கேட்டால் இல்லை என்பாள். இல்லைதான். மொழுமொழுவென்று, பச்சைப் பிள்ளைக் கால் மாதிரி இருந்தது.