உபகாரசாமியின் பன்னிரண்டு தட்டுகள்

கொண்டப்பநாயக்கன்பட்டியைத் தாண்டி ஏற்காட்டு மலைப்பாதையில் ஐந்தாறு வளைவு ஏறினால், வனத்துறை சோதனைக்காக வளர்த்த பைன் தோப்பு ஒன்று இருந்தது. 1961 ஜூன் மாதம் உபகாரசாமி அங்கே வேலைக்குச் சேர்ந்தார். என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு மழுப்பலாகவே பதில் சொன்னார். மரத்திலிருந்து விழும் சருகைப் பிடித்து நிறுக்கிறேன் என்று சொன்னால் கேட்பவர் முகம் எப்படிப் போகும் என்று அவருக்குத் தெரியும்.

அதுவரை சேலத்தில் ஒரு பஞ்சு மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தார். தராசு முள் நிற்கும்வரை மூச்சை அடக்கிக்கொள்ளும் மனிதர். அதைக் கேள்விப்பட்டுத்தான் ஆராய்ச்சி அதிகாரி வீரபாகு அவரைக் கூப்பிட்டார். தோப்பில் பன்னிரண்டு மரத்தட்டுகள், இடுப்பளவு கால்களின்மேல், அடியில் கம்பி வலையோடு நின்றன. அவற்றில் விழும் ஊசியிலைகளை மாதாமாதம் அள்ளிக் காயவைத்து நிறுக்க வேண்டும். பக்கத்திலேயே அந்த மாதத்து மழையையும் வெயிலையும் எழுத வேண்டும். வானிலை மாறினால் இலை உதிர்வதும் மாறுகிறதா என்பதுதான் அதிகாரிக்குத் தெரிய வேண்டியிருந்தது.

உபகாரசாமியின் மனைவி இன்பமேரி மட்டும் கேலி செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது அவர் சட்டைக் காலரிலிருந்து ஊசியிலைகளைப் பொறுக்கி, இதையும் நிறுத்தாயிற்றா என்று கேட்பதோடு சரி.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. தட்டுகளில் இலை ஏறக்குறைய இல்லை. பஞ்சு மண்டியில் எடை குறைந்தால் யாரோ திருடிவிட்டார்கள் என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தில் உபகாரசாமிக்கு மனம் சோர்ந்துபோனது. கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தவரிடம், எருமைக் கொட்டகையில் பரப்பச் சருகு பொறுக்க வந்த குப்பாயி என்னவென்று விசாரித்தாள். சருகு குறைந்துவிட்டது என்று அவரும் சொன்னார். அவள் உச்சுக் கொட்டிவிட்டுப் போனாள்.

அடுத்த மாதமே எடை தேறியது. 1962இல் மழைக்கால எடையும் வெயில்கால எடையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே நின்றன. பைன் மரத்துக்கு வானிலை ஒரு பொருட்டே இல்லை என்று வீரபாகு கட்டுரை எழுதித் தட்டச்சும் செய்துவிட்டார்.

அந்த டிசம்பரில் ஏழாம் தட்டில் மூன்று ஆட்டுப் புழுக்கைகள் கிடந்தன.

உபகாரசாமி அவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மேலே பார்த்தார். மரத்தில் ஆடு இல்லை. கீழே ஊரிலிருந்து ஒரு வெள்ளாட்டைக் கேட்டு வாங்கி வந்து தட்டருகே கட்டி, தாவுகிறதா என்று அரைநாள் காத்திருந்தார். ஆடு தட்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவர் பையிலிருந்த மழைக் கணக்குத் தாளைத் தின்றது.

மறுநாள் உச்சிவேளையில் ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். குப்பாயி வந்தாள். தரையில் கிடந்த சருகை ஆட்டுப் புழுக்கையோடு சேர்த்துக் கூடையில் வாரினாள். போகும்போது தட்டுத் தட்டாக நின்று ஒவ்வொரு பிடி போட்டாள்.

உபகாரசாமி எழுந்து வந்ததைக் கண்டு அவள் பதறவில்லை.

"அன்னிக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தீங்கல்ல சாமி. சருகு கம்மியா உழுந்தா உங்கள ஊட்டுக்கு அனுப்பிச்சிருவாங்களோன்னு பாவமா இருந்துச்சுங்க."

"அதுக்குன்னு பன்னண்டு தட்டுலயுமா போடுவே?"

"ஒண்ணுக்குப் போட்டு ஒண்ணுக்குப் போடாம உடலாமுங்களா?"

அவருக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் பயம் வந்தது. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அதிகாரியும் சந்தோஷமாக இருக்கிறார். இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் பஸ் ஏறிச் சேலத்து அலுவலகத்துக்குப் போய், புழுக்கைப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னார்.

வீரபாகு பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார்.

"வெயில் காலத்துலயும் அந்தம்மா போட்டாங்களா?"

"இல்லீங்க. அப்பத் தட்டு ரொம்பித்தான் இருந்துச்சாம்."

"அப்போ மரம் சரியாத்தான் சொல்லியிருக்கு. நமக்குத்தான் கேக்கல" என்றார் அதிகாரி. கட்டுரையை இழுப்பறைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டு, ஜனவரியிலிருந்து புதிதாக நிறுக்கச் சொன்னார்.

குறைவாக விழுவதும் சரிதான் என்று குப்பாயிக்குப் புரியவைப்பது, நிறுப்பதைவிடப் பெரிய வேலையாக இருந்தது. மண்ணில் ஈரம் இருந்தால் மரம் இலையை வைத்துக்கொள்கிறது, காய்ந்தால் உதறிவிடுகிறது, அது நிஜமா என்று பார்க்கத்தான் இத்தனை பாடும் என்று உபகாரசாமி விளக்கினார்.

"இதை என்னையக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேனே" என்றாள் குப்பாயி. "பங்குனியில ரெண்டு நடையில கொட்டாய் ரொம்பிரும். ஐப்பசியில ஆறு நடை நடக்கோணும்."

அவர் அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டார். இரண்டு வருஷம் நிறுத்தார். குப்பாயி தட்டுகளைத் தொடவில்லை. மழைக்காலத்தில் மட்டும் அவற்றைப் பார்க்கப் பொறுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள்.

1965இல் அறிக்கை அச்சாகி வந்தது. மார்ச், ஏப்ரலில் விழுவதில் மூன்றில் ஒரு பங்குதான் மழை மாதங்களில் விழுகிறது என்று வீரபாகு கட்டம் போட்டுக் காட்டியிருந்தார். உபகாரசாமி அந்த எண்களை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு பிரதியைக் குப்பாயியிடம் கொண்டுபோய், அவள் சொன்னதுதான் இதில் இருக்கிறது என்றார்.

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். மரத்தின் படம் இருந்தது. தட்டின் படமும் இருந்தது.

"எருமையப் பத்தி ஒண்ணுமே போடலீங்களா?" என்று கேட்டாள்.

அதிகாரியிடம் சொல்கிறேன் என்றார் உபகாரசாமி. சொல்லவும் சொன்னார்.