கழட்டச் சொன்ன ஜாக்கெட்

அமீரகத்தில், புஜைராவில் எண்ணெய்த் தொட்டிகள் நிற்கும் யார்டில் எனக்கு வேலை. லீவு நாளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்பா பக்கம் அலையாத்திக் காட்டுக்குப் போய்விடுவேன். அங்கே கயாக் வாடகைக்குக் கிடைக்கும். ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒல்லிப் படகு. அந்தப் படகுகளைப் படம் பிடிப்பதில் எனக்கு ஒரு கிறுக்கு.

ஒருமுறை என் ரூமில் இருப்பவரையும் கூட்டிப்போனேன். பெரம்பலூர்க்காரர், என்னைவிடச் சின்னவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். சைட்டில் சாரம் கட்டுகிறவர். எவ்வளவு உயரத்திலும் கூசாமல் நடப்பார். தண்ணீர் என்றால் மட்டும் பயம். நீச்சல் தெரியாது. "முட்டியளவு தண்ணிதான், வாப்பா" என்று நான்தான் இழுத்துப்போனேன்.

படகு கொடுத்த பாகிஸ்தானி எங்கள் லைஃப் ஜாக்கெட்டுகளை இறுக்கிவிட்டு, எந்தக் காரணத்துக்கும் கழட்டக் கூடாது என்று இந்தியில் இரண்டு முறை சொன்னார்.

ஆளுக்கொரு படகில் கிளம்பினோம். முதல் வளைவு தாண்டியதும் அவருக்குத் துடுப்பு பிடிபட்டுவிட்டது. குழந்தை மாதிரிச் சிரித்தார். நல்ல காலை வெளிச்சம், பச்சைத் தண்ணீர். ஜாக்கெட்டின் ஆரஞ்சு நிறம்தான் படத்தில் கண்ணை உறுத்தியது.

"ஜாக்கெட்ட கொஞ்சம் கழட்டு. ஒரே ஒரு போட்டோ."

"வேணாம்ணே. அந்த ஆளு சொன்னாருல்ல?"

"அஞ்சு நிமிசம்தான். வீட்டுக்கு அனுப்புனா எப்படி இருக்கும்!"

வீடு என்றதும் கழட்டினார். எடுத்தேன். "இப்படித் திரும்பு" என்றேன். உடம்பு மொத்தத்தையும் திருப்பினார். படகு கவிழ்ந்தது. அந்த இடத்தில் தண்ணீர் முட்டியளவு இல்லை.

என் விரல் பொத்தானை விட்டு எழவில்லை. அவர் தலை மேலே வந்து மறுபடி உள்ளே போன பிறகுதான் கேமராவை மடியில் போட்டுவிட்டுத் துடுப்பை நீட்டினேன். எப்படியோ பிடித்துக்கொண்டார். கரையில் மண்டியிட்டு உப்புத் தண்ணீராக வாந்தி எடுத்தார்.

படகுக்காரர் ஓடிவந்து சத்தம் போட்டார். யார் கழட்டச் சொன்னது?

"மேரா கல்தி, பாய்" என்றார் இவர். தப்பு தன்னுடையதாம். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

ரூமுக்கு வந்து பார்த்தபோது கேமராவில் அவர் கவிழ்ந்த நேரத்துப் படங்கள் மூன்று இருந்தன. கவிழும் படகு. வாய் திறந்த முகம். பிறகு ஒரு கை மட்டும். அழிக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. ஒரு மாதம் கழித்து, அவர் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"மூணு எடுத்திருக்கீங்கண்ணே."

"ஆமா."

"நான் அப்ப ஒங்களத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்."

"மன்னிச்சிருப்பா" என்றேன். "விடுங்கண்ணே" என்று கத்தியை எடுத்துக்கொண்டார்.

கோபித்துக்கொள்ளவில்லை. இன்றும் ஒரே சட்டியில்தான் சாப்பிடுகிறோம், அண்ணே என்றுதான் கூப்பிடுகிறார். வீட்டுக்கு அனுப்பப் படம் வேண்டுமென்றால் மட்டும் போனை வேறு யாரிடமாவது கொடுக்கிறார்.