சீட்டு இல்லாமல் விற்ற மாத்திரை

மருந்துக்கடைக்காரரைப் பழிவாங்கியே தீர வேண்டும் என்ற எண்ணம் எனக்கு எதிர்வீட்டு அக்காவின் சமையல் மேடை முன்னால்தான் வந்தது. கொஞ்சம் ரசப்பொடி வாங்கப் போயிருந்தேன். டப்பாவுக்குப் பக்கத்தில் இளஞ்சிவப்பு மாத்திரை அட்டை ஒன்று முழுசாகக் கிடந்தது. நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் வேதியியல் படிக்கிறவள். எழுத்து கண்ணில் பட்டால் படிக்காமல் விட மாட்டேன். திருப்பினேன். ஈஸ்ட்ரோஜன் என்று இருந்தது, பெண் ஹார்மோன். அதன் கீழே கட்டம் கட்டி, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற எச்சரிக்கை.

அதே இளஞ்சிவப்பு மாத்திரையை அம்மா ஐந்து வாரமாக விழுங்கிக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது. மாதவிலக்கு நின்று ஐந்தாறு வருடம் ஆகிவிட்டது. போன வருடம் இடது மார்பை எடுத்தார்கள். அது புற்றுநோய் என்று எங்கள் ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் அப்பாவையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. கொழுப்புக் கட்டி என்று சொல்லிவிட்டு, ரவிக்கைக்குள் துணி வைத்துக்கொண்டு, தண்ணீர் வரிசையில் எல்லோரையும் போல நிற்பாள். டாக்டரம்மா அப்போதுதான் புதிதாக வந்திருந்த ஒரு மாத்திரையை எழுதினார். தினம் ஒன்று, ஒரே நேரத்தில்.

"உடம்புல இன்னும் கொஞ்சம் ஊறுற பொம்பளை ஹார்மோனை இது வத்த வைக்கும். நோய் எங்கேயாவது ஒட்டிக்கிட்டு இருந்தா அதுக்கு அதுதான் சாப்பாடு" என்றார். மூட்டு வலிக்கும், திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும், எலும்பு மெலியலாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

கொதித்தது. மார்கழியில் அம்மா விசிறியும் கையுமாக வாசற்படியில் உட்கார்ந்திருப்பதை எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டார். அவருக்குக் கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்திருந்தார்கள்.

"எனுக்கும் இப்டித்தான்க்கா எரிஞ்சிகினே இருந்துது. ஒரு மாத்திரை குடுத்தாங்க, ஐஸ் வெச்ச மாரி ஆயிடுச்சி. இந்தா, நாலு எட்த்துக்கோ."

எங்கள் வீட்டு வரிசையில் இது வழக்கம். ஒரு வீட்டில் குணம் தந்த மருந்து, குழம்புக் கிண்ணம் போவதுபோல அடுத்த வீட்டுக்கும் போகும். அக்கா நான்கை வெட்டிக் கொடுத்தார். பெயர் அச்சடித்த பக்கம் அவர் வீட்டிலேயே தங்கிவிட்டது. தீர்ந்த பிறகு வெற்றுத் துண்டைக் கடையில் காட்டினால் போதும். கடைக்காரர் நிறத்தைப் பார்த்து, கத்தரியால் பெயர் இல்லாத பக்கத்தில் பத்து வெட்டி, பழுப்பு உறையில் போட்டு நீட்டுவார். யாருக்கு, எதற்கு, ஒரு கேள்வி கிடையாது.

அந்த உறையை மூன்று முறை சைக்கிளில் போய் வாங்கி வந்தது நான்தான். உறையின் மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி என்மேல் வந்ததுதான்.

மறுநாளே டாக்டரம்மாவிடம் ஓடினோம். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"தொட்டியை நான் ஒரு பக்கம் மோட்டார் போட்டு இறைக்கிறேன். நீங்க இன்னொரு பக்கம் குழாயைத் திறந்து விட்டிருக்கீங்க" என்றார். இளஞ்சிவப்பை இன்றோடு நிறுத்த வேண்டும்; அவர் எழுதியதை ஒரு நாளும் விடக் கூடாது. "கொதிச்சாலும் வலிச்சாலும் எங்கிட்ட சொல்லுங்க, அதுக்கு வழி இருக்கு. நீங்களா நிறுத்தாதீங்க. சத்து மாத்திரையே ஆனாலும் எங்கிட்ட காட்டிட்டு முழுங்குங்க."

"இந்த அஞ்சு வாரத்துல எதாவது ஆயிருக்குமா டாக்டர்?"

"தெரியாதும்மா. மூணு மாசம் கழிச்சுப் பாப்போம்."

திரும்பும்போது பேருந்தில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து விசிறிக்கொண்டே வந்தாள். நான் மனதுக்குள் கடைக்காரரோடு பேசிக்கொண்டே வந்தேன்.

அன்று மாலையே நேரில் பேசினேன். அவர் கத்தரியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இன்னா பாப்பா, டீச்சராட்டம் பேசிகினு கீறே. கேட்டாங்க, குட்த்தேன். சீட்டு எட்த்தாந்தாதான் குடுப்பேன்னா இந்த ஏரியால எவன் கடைக்கி வருவான்?"

"யாருக்குன்னாவது கேட்டிருக்கணும்ல?"

"சரி, இப்ப கேக்குறேன். யாருக்கு? இன்னா நோவு?"

கடையில் நின்ற நான்கு பேரும் திரும்பினார்கள். அதில் இருவர் எங்கள் வரிசைக்காரர்கள். நான் சைக்கிள் சாவியைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

"பாத்தியா? உனுக்கே தெரில. போ, போய்ப் படி" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் விடுவதாக இல்லை. கல்லூரி ஆய்வகத்து அமிலத்தை அவர் கடைப் பூட்டில் ஊற்றுவது, அவர் வாயைத் திறந்து அந்தப் பத்து மாத்திரையையும் திணிப்பது என்று இரண்டு நாள் கற்பனையிலேயே போயிற்று. மூன்றாம் நாள் அம்மாவிடம் சொன்னேன்.

"சண்டைன்னு போனா எதுக்குன்னு கேப்பாங்க. அப்பறம் எல்லாரும் என் நெஞ்சையே பாப்பாங்கடி. நான் தண்ணி லைன்ல நிக்க வேணாமா?"

"உன் பேரை எடுக்கவே மாட்டேன்."

"என் பேரு இல்லாம என்னத்தக் கிழிப்ப?"

அந்தக் கேள்விக்குத்தான் இப்போது விடை கிடைத்திருக்கிறது. மருந்து ஆய்வாளருக்கு மனு எழுதிவிட்டேன். அதில் அம்மாவைப் பற்றி ஒரு வரி இல்லை. சான்று ஒன்றுதான் குறை. நாளை ஆறு மணிக்கு, ஃபேக்டரி விட்டுக் கடையில் கூட்டம் நெரிந்து அவருக்கு யோசிக்க நேரமில்லாதபோது, வெற்றுத் துண்டைக் காட்டிப் பத்து மாத்திரை கேட்பேன். அப்பா ஆபீஸில் மருந்துச் செலவைத் திரும்ப வாங்க பில் வேண்டும் என்பேன். குவார்ட்டர்ஸ்காரர்களுக்கு அவர் பில் எழுதித் தருவது வழக்கம்தான். யார் பேருக்கு என்று கேட்பார். என் பெயரைச் சொல்வேன். வயது பத்தொன்பது என்று சொல்லி, அதையும் அவர் கையாலேயே எழுதச் சொல்வேன். மாதவிலக்கு நின்றவர்களுக்கான மாத்திரையைச் சீட்டில்லாமல் பத்தொன்பது வயதுக்காரிக்கு விற்றார் என்பதற்கு, மனுவோடு இணைக்க அந்தப் பில் ஒன்றே போதும்.