சரி என்று சொல்லாதவர்கள்

எங்கள் ஊர்க் கண்மாய் நிறைந்து கிடக்கும் மாதங்களில் காலை வெயில் தண்ணீரில் பட்டுக் கரைமேல் நிற்கும் புளியமரங்களின் கிளைகளுக்கு அடியில் ஆடும். இலைகளுக்குள் இன்னொரு கண்மாய் அசைவதுபோல் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றே என் வாழ்நாளில் பாதி போயிருக்கும். கூட்டத்தில் எனக்குப் பேச்சு வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது, ஆனால் காரணம் அது இல்லை. நாலு பேர் முகம் என் பக்கம் திரும்பினால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும்.

கொட்டாம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி வண்டிப்பாதையில் நடந்து வரவேண்டிய ஊர். கண்மாய்க் கரைக்குக் கீழே வயல்கள். அதில் கரையை ஒட்டினாற்போல என் தங்கச்சியின் கிணறு. அவள் வீட்டுக்காரர் வெட்டியது. ஊற்று திறந்து தண்ணீர் முழங்கால் அளவு ஏறியதைப் பார்த்தார். அடுத்த வருஷம் காய்ச்சலில் போய்விட்டார். மோட்டாருக்குக் கரண்டு கேட்டு எழுதிப் போட்டது அப்படியே கிடந்தது. கமலை கட்டி இறைக்க அவளிடம் மாடு இல்லை. கிணற்றுக்குள் வானம் சதுரமாகக் கிடக்கும். தங்கச்சி அதை எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்தவர் வயலுக்குக் களை எடுக்கப் போவாள்.

எழுபதுகளின் கடைசியில் ஒருநாள், ரோட்டோரம் சைக்கிள் கடை வைத்திருந்த மாமா என்னைக் கூப்பிட்டார். ஊரில் பேப்பர் படிப்பவர் அவர்தான். விவசாயிகள் கூட்டம் என்றால் அவர்தான் பேசுவார்.

"மாப்ள, கரைக்குக் கீழ இருக்க கெணத்துக்கெல்லாம் இனிமே புதுசாக் கரண்டு கெடையாதாம். சட்டம் போடப் போறாங்ய."

"எதுக்கு மாமா?"

"கண்மாய்த் தண்ணிய உறிஞ்சிருதாம்ல. கரண்டையும் தண்ணியவும் மிச்சம் பிடிக்கணுமாம். நம்ம என்ன சொல்றோம்னு கேக்க சட்டசபை ஆளுக மதுரைக்கு வாராங்களாம். நாம போகணும். நீயும் வா, ஓரமா ஒக்காந்துக்க. ஒன்னயப் பேசச் சொல்ல மாட்டேன்."

வீட்டுக்கு நடந்து வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அந்தச் சட்டம் சொன்னது பொய் இல்லை. கரைக்குக் கீழே மோட்டார் ஓடினால் மடையில் வரும் தண்ணீர் மெலிவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் ஊரில் தண்ணீர் குறைந்தால் யாருக்கும் இல்லை என்று சொல்வதில்லை. முறை வைப்போம். இன்றைக்கு உன் வயல், நாளைக்கு என் வயல். கரண்டுக்கும் அதையே கேட்போம் என்று எல்லோரும் முடிவு செய்தோம்.

அப்படி முடிவு செய்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். மடைக்குப் பக்கத்தில் கரைமேல் உட்காருவோம். மடை திறக்கிறவர் விஷயத்தைச் சொல்வார். ஒத்துக்கொள்கிறவர்கள் ஒவ்வொருவராகச் 'சரி' என்பார்கள். பிடிக்காதவர் வாய் திறக்கமாட்டார், கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்ப்பார். ஒருவர் அப்படி இருந்தாலும் விஷயம் முடியவில்லை என்று அர்த்தம். ஏன் என்று கேட்கமாட்டோம். எழுந்து போய்விட்டு மறுநாள் காலையில் திரும்ப உட்காருவோம். முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்லிவிட்டு நாளைக்கு ஒரே வாய்க்காலில் எப்படி நிற்பது?

மதுரைக்குக் கிளம்பிய காலையில் தங்கச்சி தலை சீவி, பூப்போட்ட சேலை கட்டி, பஸ் நிற்கிற இடத்தில் வந்து நின்றாள். "நானும் வாரேண்ணே. என் கெணத்தப் பத்தித்தான பேச்சு" என்றாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, போகிற வழியில் தெரிந்த கிணறுகளையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தாள். மோட்டார் ஓடி வெள்ளையாகத் தண்ணீர் விழுகிற இடம் வந்தால் அவள் தலை தானாகத் திரும்பும்.

மதுரையில், பசுமலைப் பக்கம் ஒரு மண்டபத்தில் கூட்டம். குன்றின் நிழல் சுவர்மேல் சாய்ந்திருந்தது. மேடையில் நாலைந்து பேர். நடுவில் கண்ணாடி போட்ட தலைவர், அவருக்குப் பக்கத்தில் எழுதுகிறவர். மேலே காற்றாடிகள் மெதுவாகச் சுற்றின. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால் கண்மாயில் மடை திறந்த சத்தம்போலவே இருந்தது. எனக்குக் கண் சொருகியது.

எங்கள் முறை வந்ததும் மாமா எழுந்தார். உர விலையில் ஆரம்பித்தார். அங்கிருந்து கரும்புக்குப் போனார், கரும்பிலிருந்து ரோட்டில் உள்ள குழிக்கு வந்தார். குழியிலிருந்து அவர் ஏறி வருவதற்குள் மேடையில் மணி அடித்துவிட்டார்கள்.

"முக்கியமான விஷயத்துக்கு இப்பத்தான்யா வாரேன்" என்றார் மாமா.

"நேரம் முடிஞ்சிருச்சு, உட்காருங்க."

உட்கார்ந்தார். முறை வைக்கிற பேச்சையே அவர் எடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் காற்றாடிகள் தளர்ந்தன. ஒவ்வொரு சுற்றாகக் குறைந்து, கடைசியில் அப்படியே நின்றன.

"கரண்டப் பத்திப் பேச வந்தா கரண்டே போச்சுப்பா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபமே சிரித்தது. பிறகு அமைதியாகிவிட்டது. வெளியே வேப்பமரத்தில் காகம் கத்துவது கேட்டது.

தலைவர் காகிதத்தோடு ஜன்னல் வெளிச்சத்துக்கு வந்து நின்று ஒவ்வொரு பிரிவாக வாசித்தார். கரைக்குக் கீழே உள்ள கிணறுகளுக்குப் புதிய இணைப்பு இல்லை என்ற பிரிவு வந்தது.

"இதில் யாருக்காவது மறுப்பு உண்டா?"

எங்கள் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் கையைக் கட்டினார்கள். அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எங்களுக்குத் தெரிந்த வகையில் இதைவிட உறுதியாக முடியாது என்று சொல்ல வழி இல்லை.

தங்கச்சி என் பக்கம் குனிந்தாள். "நம்ம சொன்னது அவுகளுக்கு வெளங்கிருக்குமாண்ணே?"

"வெளங்கிருக்கும்" என்றேன்.

"மறுப்பு இல்லைன்னு எழுதிக்கோங்க" என்றார் தலைவர்.

மடியில் இருந்த தங்கச்சியின் கை மூடிக்கொண்டது. எப்படி எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது. மண்டபம் முழுக்க முகங்கள், தண்ணீருக்கு அடியில் இருக்கிற மாதிரி மங்கலாகத் தெரிந்தன.

"ஐயா… நாங்க சரின்னு சொல்லலைங்க."

"மறுப்பும் சொல்லலையேப்பா?"

"சொல்லலைங்க. அதான்… சரின்னு சொல்லலைங்களே."

சிரிப்பு எழுந்தது. தலைவரும் சிரித்தார். எனக்குக் காது சுட்டது, ஆனால் நாக்கு அன்றைக்கு ஒட்டவில்லை.

"எங்கூர்ல வாய் தொறக்கலைன்னா ஒத்துக்கிடலைன்னு அர்த்தங்க. இந்தா, கையக் கட்டி ஒக்காந்திருக்காகளே, அம்புட்டுப் பேரும் மாட்டோம்னுதான் சொல்லிக்கிட்டிருக்காக."

தலைவர் கண்ணாடியைக் கழற்றி எங்கள் வரிசையைப் பார்த்தார். "சரி, என்னதான் வேணும் உங்களுக்கு?"

"கெடையாதுன்னு சொல்லாதீங்கய்யா. முறை வைங்க. கரைக்குக் கீழ இருக்கவுக மாத்தி மாத்தி எறைக்கட்டும். கண்மாய் வத்த ஆரம்பிச்சா எல்லாரும் நிறுத்திருவோம்."

"யார் நிறுத்துவா? போலீஸா வந்து நிறுத்தும்?"

"நாங்கதாங்க."

எனக்குப் பின்னால் மாமா "சரி" என்றார். அடுத்தவர் "சரி" என்றார். அந்த வரிசை முழுக்க ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் தங்கச்சியின் குரலும் மெல்லக் கேட்டது. எழுதுகிறவர் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா சொன்னார்: "நான் போட்ட ரோட்டுலதான நீ வண்டி ஓட்டுன மாப்ள?"

"குழியோட போட்ட ரோடுல்ல" என்றாள் தங்கச்சி. மாமாதான் அதிகமாகச் சிரித்தார்.

அந்தச் சட்டம் பிறகு எந்த வடிவத்தில் வந்தது, வந்ததா என்பதுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. எங்கள் பக்கத்தில் கரண்டு தர மறுக்கவில்லை. அடுத்த மழைக்குப் பிறகு தங்கச்சியின் வயலில் கம்பம் நட்டார்கள். மோட்டார் போட்ட அன்று தண்ணீர் முதலில் செம்மண்ணாக வந்து, கொஞ்சங்கொஞ்சமாகத் தெளிந்தது. அவள் வாய்க்காலுக்குள் காலை வைத்துக்கொண்டு மத்தியானம் வரைக்கும் நின்றாள்.

சில வருஷம் கழித்து ஒரு கோடையில் கண்மாய் வற்ற ஆரம்பித்தது. கரைமேல் உட்கார்ந்தோம். கரைக்குக் கீழே உள்ள மோட்டார்களை நிறுத்தவேண்டும் என்றார் மடை திறக்கிறவர். மற்றவர்கள் சரி என்றார்கள். தங்கச்சியின் கடலை அப்போதுதான் காய் பிடித்திருந்தது. அவள் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எழுந்து போனோம். அன்றைக்குச் சாயங்காலம் வரை அவள் மோட்டார் சத்தம் என் வீட்டுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் கரைமேல் உட்கார்ந்தபோதும் அந்தச் சத்தம் கேட்டது. யாரும் பேச்சைத் தொடங்கவில்லை. கொக்குகள் சேற்றோரமாக நடந்தன. சட்டென்று சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் வரப்பு வழியாகத் தங்கச்சி வந்து எங்களோடு உட்கார்ந்தாள். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே "சரி" என்றாள்.

கண்மாயில் மாடு குடிக்கிற அளவுக்குக் கடைசிவரை தண்ணீர் கிடந்தது. அவள் கடலையில் பாதி பருப்பில்லாத பொக்காகப் போயிற்று. அதைப் பற்றி அவள் இன்றுவரை என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.