பவளத்தின் பெயருக்கு எதிரே

எங்கள் தமிழ்ச் சங்க அமைப்பு யாப்பின் பதினோராம் விதி: உறுப்பினர் எழுத்தில் தரும் விண்ணப்பத்துக்குப் பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரப்பட வேண்டும். அந்த விதியை எழுதியவன் நான். யாழ்ப்பாணத்து அரச செயலகமான கச்சேரியில் எழுதுவினைஞனாக இருந்து, பிறகு ஜெர்மனியின் கொலோனில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கி ஓய்வு பெற்றவனுக்கு விதி எழுதுவது ஒரு சுகம். இந்த நாட்டில் குப்பைத்தொட்டியை மாற்றித் தரச் சொல்லி எழுதினாலும் பதில் வருகிறது. மறுப்பாக இருக்கலாம். ஆனால் அந்த மறுப்பை எதிர்த்து எங்கே முறையிடலாம் என்பதும் கடிதத்தின் அடியிலேயே இருக்கும். ஜனவரி எட்டாம் திகதி நான் சங்கத்துக்குக் கொடுத்த விண்ணப்பம் மட்டும் குளிர்காலம் முழுக்கப் பதிலில்லாமல் கிடந்தது.

ஒவ்வொரு சித்திரையிலும் தேவாலய மண்டபம் ஒன்றில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் சிவில் உரிமைப் போராட்டத்தை நினைவுகூர்ந்து ஒரு மாலை நடத்துவோம். ஜெர்மானியரும் வருவார்கள். பேருந்தில் மறுக்கப்பட்ட இருக்கை பற்றியும், உணவுக்கடையில் அடி வாங்கியும் எழும்பாத மாணவர்கள் பற்றியும் எங்கள் தலைவர் குரல் தழுதழுக்கப் பேசுவார். பிறகு சாப்பாடு. எந்தக் குடும்பம் எதைச் சமைத்துக் கொண்டுவருவது என்ற பட்டியலைச் செயலாளராக இருந்த பதினொரு வருடமும் நானே தட்டச்சு செய்தேன். பவளத்தின் பெயருக்கு எதிரே எப்போதும் ஒன்றுதான்: தண்ணீர்ப் போத்தல், கடதாசித் தட்டு. மூடி திறக்காதது, கை படாதது. அவளுடைய சாதி எல்லோருக்கும் தெரியும். அப்படி எழுது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கச்சேரிக்கு எதிரே ஒரு தேநீர்க்கடை இருந்தது. எங்களுக்குக் கிளாஸ், பவளத்தின் தகப்பன் போன்றவர்களுக்கு வெளியே நிற்க வைத்துச் சோடாப் போத்தலில் தேநீர். அந்தக் கடையில் இருந்துகொண்டுதான் அமெரிக்க மாணவர்களின் செய்தியைப் பத்திரிகையில் வாசித்தேன். "என்ன அநியாயம்" என்று உரக்கச் சொன்னதும் நினைவிருக்கிறது. சொல்லிவிட்டு இன்னொரு தேநீர் கேட்டேன். கிளாசில்.

போன வருட நிகழ்ச்சியில், மண்டபத்துக்குப் பொறுப்பான திருமதி குரூகர் என்னிடம் கேட்டார்: "தண்ணீரை எப்போதும் இந்தப் பெண்தான் கொண்டுவருகிறார். உங்கள் பண்பாட்டில் அது ஒரு மரியாதையா?" நான் "ஆம்" என்றேன். அவர் மனம் நெகிழ்ந்து பவளத்திடம் போய்க் கை கொடுத்தார்.

மண்டபம் கூட்டும்போது பவளம் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணை, தண்ணிப் போத்தல் தூக்கிறது மரியாதையாமே? இவ்வளவு காலமும் எனக்குத் தெரியாமல் போச்சுது."

நான் தும்புத்தடியால் கூட்டிக்கொண்டே இருந்தேன். பவளம் இங்கே மூன்று வருடம் படித்துச் சான்றிதழ் வாங்கிய சமையற்காரி. அவள் ஆக்குவதை ஓர் ஆஸ்பத்திரியே சாப்பிடுகிறது.

"தலைவர் பித்தப்பை ஒப்பரேசனுக்கு வந்து ஒரு கிழமை என்ர சூப்பைத்தான் குடிச்சவர். ஆர் ஆக்கினதெண்டு தெரியாது, அதாலை செமிச்சது" என்று சிரித்தாள். சிரிப்பு சட்டென்று நின்றது. "அடுத்தமுறை கத்தரிக்காய்ப் பால்கறி கொண்டு வாறன். லிஸ்டிலை போடுங்கோ."

"நான் இப்ப செயலாளர் இல்லைப் பிள்ளை. என்னாலை ஏலாது."

"ஊருக்கெல்லாம் அன்ட்ராக் எழுதிக் குடுக்கிறியள். எனக்கு ஒண்டு எழுத ஏலாதோ?"

அன்ட்ராக் என்றால் ஜெர்மனில் விண்ணப்பம். ஜனவரியில் எழுதினேன், விதி இலக்கத்துடன், இரண்டு பிரதிகளில். மார்ச் மாதம் பொறுமை கெட்டுத் தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, உதுக்கெல்லாம் கடிதமே? பரிசீலனையிலை கிடக்கு."

"பதினான்கு நாள் எண்டு விதி இருக்குத் தம்பி."

"நான் உதெல்லாம் பாக்கிறேல்லை, உங்களுக்குத் தெரியும். சனம் ஒரு மாதிரி. வைச்ச கறி அப்பிடியே கிடந்தால் அவவுக்குத்தானே அவமானம்?"

ஒருவரை அவமானத்திலிருந்து காப்பாற்றவே அவரை ஒதுக்கி வைக்கிறோம் என்ற வாதத்தைக் கடல் கடந்தும் பழுதில்லாமல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறோம்.

ஏப்ரல் இருபத்தோராம் திகதி மண்டபத்துக்குப் போனேன். மேசையில் இத்தாலியன் கடையின் பிற்சாப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. தண்ணீரும் அங்கிருந்தே வந்திருந்தது. மாவைப் பிசைந்த கை யாருடையது என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. இந்த வருடம் பட்டியலே இல்லை. என் விண்ணப்பத்தால் பவளத்துக்கு இருந்த தண்ணீர்ப் போத்தலும் போயிற்று.

துவாயால் சுற்றிய சட்டியுடன் அவள் வாசலில் நின்றாள். பெட்டிகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் கையில் ஒரு துண்டுப் பிற்சா இருந்தது. சட்டியைத் திரும்பக் காருக்குள் வைத்துவிட்டு ஓட்டிப் போனாள். உள்ளே தலைவர், ஒரே மேசையில் எல்லோரும் அமரும் நாள் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். திருமதி குரூகர் என் காதருகே குனிந்து, "தண்ணீர் கொண்டுவரும் அம்மா எங்கே?" என்றார். "வேலை" என்றேன். எனக்கு ஜெர்மன் மொழி நன்றாக வரும்.

என் அலுமாரியில் இரண்டு கோப்புகள் இருக்கின்றன. ஒன்றின் முதுகில் ஜெர்மனில் "அலுவலகங்கள்" என்றும், மற்றதில் தமிழில் "எங்கடை ஆக்கள்" என்றும் எழுதியிருக்கிறேன். நிகழ்ச்சி முடிந்த பிறகு வந்த சங்கத்தின் பதில் இரண்டு வரி: "இம்முறை உணவு வெளியிலிருந்து எடுக்கப்பட்டதால் தங்கள் விண்ணப்பம் தேவையற்றதாகிறது. ஒத்துழைப்புக்கு நன்றி." எங்கே முறையிடலாம் என்று அடியில் ஒன்றும் இல்லை. எந்தக் கோப்பிலும் சேர்க்க மனம் வராமல் மேசையில் வைத்து, கச்சேரிப் பழக்கத்தில் அதன் மூலையில் எழுதினேன்: கிடைத்தது, 2007 மே 4.